முதுகில் துளையுள்ள பெட்டி

"பொட்டப் புள்ள பொறுக்கினதுன்னு தெரிஞ்சா எவன்டி வாங்குவான்?" பாண்டிச்சேரிக் கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்று அண்ணன் என்னைக் கேட்டார். செஞ்சியில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை அவருடையது. ரைஸ்மில் முதலாளி தன் வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்கிவரச் சொல்லியிருந்தார். கூடத்தில் ஆட்கள் உட்கார இடம் வேண்டும், அதனால் பெட்டிகள் சுவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும் என்பது அவர் கட்டளை. கையேடு ஆங்கிலத்தில் இருக்கும் என்பதற்காக அண்ணன் என்னை அழைத்துப்போனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். படித்துச் சொன்னேன்: முதுகில் துளையுள்ள பெரிய பெட்டி சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நிற்க வேண்டும், சுவரோடு வைக்க, எல்லாப் பக்கமும் மூடிய சின்னப் பெட்டியே ஏற்றது. அண்ணன் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். கனமான பெரிய ஜோடியை வாங்கினார். "நீ சொன்னதுதான் சரின்னு ஆச்சுன்னா கடையில உன்ன ஒக்கார வெக்கிறன், போதுமா?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள் பாட்டு வைத்தபோது ஆண்கள் கூடத்தில் இருந்தார்கள். அந்த வீட்டு வழக்கப்படி பெண்கள் சுவருக்கு இந்தப்புறம், அடுக்களையில்; அண்ணனோடு போயிருந்த நானும் அங்கேதான். கூடத்தில் "ஆகா" என்றார்கள். எங்கள் பக்கம் அதே சுவரில் பதித்த பலகையில் பித்தளைத் தூக்குகள் ஒன்றோடொன்று இடித்து நடுங்கின. பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. முதலாளியின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, மில்லு இங்கயே வந்துடுச்சா?" என்றார். இரண்டாம் நாள் முதலாளிக்கும் தலை வலித்தது. அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம், ஆண்கள் மில்லுக்குப் போயிருந்த நேரத்தில், அங்கே போய், அந்த அம்மா எடுத்துக் கொடுத்த பழைய நூல்புடவையை இரண்டாகக் கிழித்துச் சுருட்டி இரண்டு துளைகளிலும் திணித்தேன். தூக்குகள் அடங்கின. பாடுகிறவரின் மூச்சுகூடக் கேட்டது. அன்று மாலை அண்ணன் வந்தார். முதலாளி ஆச்சரியத்தோடு, "இன்னாப்பா, தானா தெளிஞ்சிடுச்சே?" என்று கேட்டார். "புதுசுல அப்படித்தான் மொதலாளி. நாலு பாட்டு ஓடினா படிஞ்சிடும்" என்று அண்ணன் சொன்னதைச் சுவருக்கு இந்தப்புறம் நின்று கேட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது துணியைப் பற்றிச் சொன்னேன். அவர் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினார். "வெளிய சொல்லித் தொலைக்காத" என்றார். நாற்காலியைக் கேட்டேன். "நான் மூணாவதோட நின்னதாலதான் நீ படிச்ச. அத மொதல்ல நெனச்சுக்கோ." உண்மைதான். அந்த உண்மையை வைத்தே என் வாயை அடைக்கலாம் என்று அவர் கண்டுகொண்டதுதான் இன்னும் கசக்கிறது.

இரண்டு வருடங்களில் அதே மாதிரிப் பெட்டிகளை இன்னும் மூன்று வீடுகளுக்கு விற்றார். வாங்க வருகிறவர்களை முதலில் மில்லுக்காரர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கேட்கவைப்பார். பிறகு அவர்கள் வீட்டுப் பெட்டி முழங்கினால், "படியும், படியும்" என்பார். கடை நாற்காலியில் அண்ணியின் தம்பி உட்கார்ந்திருக்கிறான். கையேடுகள் மட்டும் இன்றும் என்னிடம்தான் படிக்க வருகின்றன.

நாளைக்குத் தொண்டூரிலிருந்து ஒருவர் பாட்டுக் கேட்க வருகிறாராம். இன்று காலை மில்லுக்காரர் வீட்டுக்கு முன்வாசல் வழியாகவே போனேன். முதலாளி கூடத்தில் இருந்தார். அடுக்களை வாசலில் நின்ற அந்த அம்மா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "எம் புடவதான, உருவுடி" என்றார். இரண்டு துணிகளையும் முதலாளியின் கண்ணெதிரே உருவி எடுத்தேன். "நாளைக்கு இது பழையபடி முழங்கும் ஐயா. ஏன்னு எங்க அண்ணனக் கேளுங்க. அவருக்குச் சொல்லத் தெரியலன்னா என்னக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, துணியோடு வந்த வழியே திரும்பினேன்.