சரியக்காவின் கிரயப் பத்திரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகத் துணி மடிக்கிற அந்த அம்மாவுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் சரியக்கா. மேற்பார்வையாளர் எதைச் சொன்னாலும் இந்த வெளிநாட்டு மொழியில் 'சரி' என்று தலையாட்டிவிடுவாள். துணி மடிக்க அது போதும். வீடு வாங்கப் போதாது.

இங்கே சொத்து வாங்கினால் நோட்டரி பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார். வாங்குகிறவருக்கு அது புரிய வேண்டும், சட்டம் அப்படி. அன்று காலை நாலு பக்கம் படித்த நோட்டரிக்குச் சந்தேகம் வந்து, "இந்த வீட்டுக்குக் கூரை இல்லை, சம்மதமா?" என்று கேட்டாராம். அக்கா சரி என்றாள். விற்க வந்தவன் சிரித்துவிட்டான். நோட்டரி சிரிக்காமல் கோப்பை மூடினார். கூட வந்திருந்த மகள், தானே மொழிபெயர்ப்பதாகச் சொன்னாள். உறவுக்காரர் கூடாது, அரசுப் பதிவு பெற்ற ஆள்தான் வேண்டும் என்றுவிட்டார் நோட்டரி. மாலை ஐந்துக்குள் கையெழுத்து ஆகாவிட்டால் முன்பணம் போய்விடும். அது அவளுடைய பதினோரு வருடச் சேமிப்பு. போதாக்குறைக்கு, இருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகவும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பதிவு பெற்ற ஆள் நான். இரண்டு பேருந்து மாறி மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். புரியாமல் தலையாட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் கூப்பிடுகிற நம் ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சீக்கிரம் படிச்சிடுங்க தம்பி. எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள் அக்கா. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஏழாம் பக்கத்தில் எனக்கே நாக்குக் குழறியது.

"அக்கா, நீங்க வாங்குறது கட்டடம் மட்டுந்தான். நிலம் குத்தகை. இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கு. அதுக்கப்புறம் கட்டடமும் நிலத்துக்காரங்களுக்குப் போயிடும்."

"திரும்பப் படிங்க."

படித்தேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் படித்தேன். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"முன்பணம் குடுத்த காகிதத்துல இது இருந்துச்சா?"

"இருந்திருக்கும்மா. நான் படிச்சுப் பாக்குறேன்னு கேட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு நீதான் உள்ள வச்சுப் பூட்டினே."

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எழுந்து வந்துவிடுங்கள், போன பணம் போகட்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மொழிபெயர்ப்பவன் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் பதிவு பறிபோகும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். புரிந்ததா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நல்லாப் புரிஞ்சுது தம்பி. எனக்கு இப்ப அம்பத்தாறு. அப்ப எழுபத்தெட்டு." கைப்பையை மேசைமேல் வைத்தாள். "அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல."

மகள் அவள் தோளைப் பிடித்தாள்.

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று நோட்டரி கேட்டார். அந்த அறையில் பேசுவது எதையும் நான் விடக் கூடாது. ஒரு சொல் குறையாமல் சொன்னேன். அவர் 'புரிந்தது' என்று குறித்துக்கொண்டு, பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.