கதவு கழற்றிய அறை

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லோரும் கதவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நகராட்சித் தலைவரின் அறை வாசலில், காக்கி உடுப்பில், முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. தினக்கூலிதான். மனுவோடு வருகிறவர்களிடம், "ஐயா மீட்டிங்ல இருக்காரு, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்" என்பார். உள்ளே ஐயா தூங்கிக்கொண்டிருப்பார். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்" என்று வரிசையில் முணுமுணுப்பார்கள். மச்சானுக்கு அது காதில் விழும், முகத்தில் தெரியாது. அவர் கோபப்பட்டோ சந்தோஷப்பட்டோ நான் பார்த்ததில்லை. கதவைத் திறப்பார், மூடுவார், வீட்டுக்கு வருவார்.

போன தேர்தலில் புதுத் தலைவர் வந்தார். நல்ல மனிதர்; அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், ஜும்ஆ தொழுகைக்கு முன் இமாம் பேசினார்: மக்களுக்குப் பொறுப்பேற்றவன், தேவையோடு வருகிறவர்களுக்குக் கதவை அடைத்தால், அவனுக்குத் தேவை வரும் நாளில் அல்லாஹ்வும் கதவை அடைத்துவிடுவான். ஆதமுடைய பிள்ளைகள் எல்லோரையும் இறைவன் கண்ணியப்படுத்தியிருக்கிறான்; அவர்களை வாசலில் காக்கவைக்க நீ யார்? முதல் வரிசையில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது, "மச்சான், இமாம் உங்களைத்தான் சொன்னாரு" என்று கிண்டலடித்தேன். "ம்" என்றார்.

திங்கட்கிழமை தலைவர் கதவையே கழற்றச் சொல்லிவிட்டார். தச்சர் திருகாணிகளைக் கழற்றும்போது கதவு சாயாமல் பிடித்துக்கொண்டது மச்சான்தான். அதைக் கிடங்கில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தவரிடம் மேலாளர், "கதவே இல்லைன்னா கதவுக்கு ஆள் எதுக்கு? நாளையிலேர்ந்து வர வேணாம். உடுப்பைத் துவைச்சுக் கொடுத்துடுங்க" என்றார். துவைத்து, மடித்துக் கொடுத்தார்.

ஊரே தலைவரைக் கொண்டாடியது. நியாயமாகப் பார்த்தால் நானும் கொண்டாடியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்காதான் பொரிந்து தள்ளினாள். "ஆதமோட பிள்ளைங்கள்ல நீங்க சேர்த்தி இல்லையா? யார் வேணா உள்ளே போகலாமாமே, போய்க் கேளுங்க. கூட்டுற வேலைன்னாலும் சரி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

நானும் துணைக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது மட்டும் மச்சானின் கை தானாக நீண்டு, இல்லாத கதவைத் தேடியது. தலைவர் எழுந்து நின்று ஸலாம் சொன்னார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். ஒரு குறை சொல்ல முடியாது.

"உக்காருங்கண்ணே. இந்த ஆபீசுக்கு இப்பதான் முதல் தடவையா வர்றீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாங்கய்யா" என்றார்.

"தயங்காம சொல்லுங்க. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

படியிறங்கியதும் கத்தினேன். "தினமும் உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்னு சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"விடுப்பா. அவரு மரியாதையாத்தானே கேட்டாரு."

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். "பாத்தீங்களா? என்ன சொன்னாரு?"

மச்சான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அறை இப்ப நல்லா இருக்கு. காத்து வருது" என்றார்.