ஆப்பிளில் போட்டு எடுத்த பென்டிரைவ்

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளைத் தாண்டி வருகிற சந்தில் போய் பிரிசில்லா வீடு எதுவென்று கேட்டால், "ஆப்பிள் கம்ப்யூட்டர் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். அவள் கணவன் செல்வக்குமாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பிறந்ததிலிருந்து அதே சந்தில் இருக்கிற மனுசன். கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் விலாசத்திலிருந்து அவன் பேர் காணாமல் போய்விட்டது.

பிரிசில்லா குன்னத்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்தவள். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று துணியில் குறை தேடியே வயசு ஓடிக்கொண்டிருந்தது. டீ-சர்ட்டுகளின் நெஞ்சில் அடித்திருக்கிற படங்களைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கிளியையும் கப்பலையும் நாம் வரைந்தால் என்ன என்று ஒருநாள் ரோசம் வந்தது. வேலை முடிந்து கம்ப்யூட்டர் டிசைன் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். வெளிநாட்டு ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற பையிங் ஆபீஸ் ஒன்றைக் காலி செய்தபோது அங்கிருந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் கைமாறி அவள் வீட்டுக்கு வந்தது. விற்றவன் அதன் தலையைத் தட்டி, "இதுக்கு வைரஸே வராதுங்கக்கா, கண்ண மூடிட்டு வாங்கிக்கங்க" என்றான். பிரிசில்லா அந்த வாக்கை அப்படியே பிடித்துக்கொண்டாள். சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு அதைத் துடைத்து உறை போடுவது வாராவாரம் நடக்கிற காரியம்.

இந்தப் பக்கத்தில் டிசைன் தனியாக ஊர் சுற்றாது. சாம்பிள் துணியையும் பென்டிரைவையும் ஒரே பாலித்தீன் கவரில் போட்டு ஆள் கையில் கொடுத்தனுப்புவார்கள். மெயிலில் அனுப்பலாமே என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். துணியும் படமும் கையோடு கை சேர்ந்து வந்தால்தான் பிரிண்டிங்காரர்களுக்கு மனசு ஆறும். ஆக, ஒரு பென்டிரைவ் ஒரே வாரத்தில் நாலு பட்டறை ஏறி இறங்கிவிடும். வைரஸுக்கு இதைவிட நல்ல பஸ் வசதி வேறெங்கே கிடைக்கும்?

நல்லான் என்கிற பிரிண்டிங்காரர் ஒருமுறை தன் கம்ப்யூட்டரில் திறக்காமல் அடம் பிடித்த பென்டிரைவைக் கொண்டுவந்தார். பிரிசில்லாவின் ஆப்பிளில் அது சமர்த்தாகத் திறந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, புது பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். நல்லான் டீக்கடையில் போய், அந்தக்கா ஊட்டு ஆப்பிள்ல ஒருக்கா போட்டு எடுத்தா வைரஸ் செத்துப்போகுது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கோயிலுக்கு மந்திரிக்க வருகிற மாதிரி ஆட்கள் பென்டிரைவோடு வர ஆரம்பித்தார்கள். சாகும் என்று பிரிசில்லா யாரிடமும் சொன்னதில்லை. சாகாது என்றும் சொன்னதில்லை. செக்கிங் மேஜையில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத பொம்பளையைத் தேடி முதலாளிமார் வருகிறார்கள். யாருக்குத்தான் இனிக்காது?

அப்படி வந்தவர்களில் அனுப்பிரியாவும் ஒருத்தி. மாமனார் தோட்டத்தை விற்றுத் தொடங்கிய பிரிண்டிங் யூனிட்டை நடத்துகிறவள். பிரிசில்லாவுக்குப் பாதி வேலை அவளிடமிருந்துதான். போன ஆடியில் அவள் யூனிட்டில் கம்ப்யூட்டர்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. சாம்பிளுக்கு வைத்திருந்த டிசைன்களில் ஒன்றும் திறக்கவில்லை. துணி வாங்குகிற பையர் கோபித்துக்கொண்டு ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டான். யார் கொண்டுவந்த பென்டிரைவ் என்று விசாரணை நடந்தது. அங்கே டிசைன் பார்க்கிற சரவணக்குமார், மகளுக்குக் கார்ட்டூன் ஏற்றிக்கொண்டு போக ஒரு பென்டிரைவ் வைத்திருந்தான். மற்றபடி யூனிட்டுக்குள் வந்து போனது பிரிசில்லாவின் பென்டிரைவ் மட்டும்.

அனுப்பிரியா அவளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "எங்கூட்டுல இருந்து வர்றதுக்கு வழியே இல்லீங்க கண்ணு. ஆப்பிளுக்கு வராது" என்றாள் பிரிசில்லா. கேட்ட மறுநொடியே சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை.

சரவணக்குமாரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கம்ப்யூட்டர்களைத் துடைத்துச் சரிசெய்தார்கள். சரவணக்குமார் போன பிறகும் அதே சீக்கு திரும்ப வந்தது. சர்வீஸ்காரன் பிரதீப் இந்தமுறை பிரிசில்லாவின் பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கே வந்தான். அவள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, வீண் அலைச்சல் கண்ணு, இது ஆப்பிள் என்றாள். அவன் மறுத்துப் பேசவில்லை. பார்ட்டிகளின் டிசைன் இருந்த ஃபோல்டர்களைத் திறந்தான். ஒவ்வொன்றிலும் டிசைன் பேரிலேயே ஒரு சின்ன ஃபைல் கிடந்தது. அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். அமுக்கினால் திறக்காது. ஏதோ குப்பை என்று விட்டுவைத்து, ஃபோல்டரோடு சேர்த்தே எல்லோருக்கும் காப்பி செய்து கொடுத்திருக்கிறாள்.

பிரதீப் பொறுமையாகச் சொன்னான். அது விண்டோஸுக்கு என்று எழுதின வைரஸ். ஆப்பிளில் வேலை செய்யாது, ஆனால் செத்தும் போகாது. சும்மா உட்கார்ந்திருந்து அடுத்த வண்டி ஏறும். அப்படியே ஆப்பிளுக்கு வரவே வராது என்பதும் கிடையாது, வருவது குறைவு, அவ்வளவே. கொஞ்ச நாளாக கூகுளில் தேடினால் வேறென்னவோ பக்கம் வருகிறதே, அது ஆப்பிளுக்கென்றே எழுதின ஒன்று. அப்டேட் பண்ணச் சொல்லிக் கேட்டது, இவளே பாஸ்வேர்டு போட்டு உள்ளே விட்டிருக்கிறாள். பிரிசில்லா அதைக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து வைத்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துப் பிரதீப்புக்குப் பாவமாகிவிட்டது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்று யூனிட்டில் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் பேர் வேண்டாம் என்றான். நல்ல பையன். அவன் போன பிறகு பிரிசில்லா கம்ப்யூட்டர் உறையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் அனுப்பிரியா கொடுக்கிற வேலை போகும், டீக்கடையில் பேர் போகும். திறக்காவிட்டால் ஒருவனுக்குப் போன வேலை போனதுதான். பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

மறுநாள் காலையில் அனுப்பிரியா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அனுப்பிரியா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஆர்டர் போனதைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். பிறகு, வெளியிலிருந்து வந்த பென்டிரைவையெல்லாம் உங்க ஊட்டுக்கு அனுப்பிச் சுத்தம் பண்ணச் சொன்னதே நான்தானுங்கக்கா என்றாள். அடுத்த மாசத்து டிசைன்களை என்ன செய்வதென்று அப்புறம் சொல்கிறேன் என்றாள். சரவணக்குமாரைத் திரும்பக் கூப்பிட அவளே போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

பிரிசில்லா அவன் இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு பஸ் மாறிச் சாமளாபுரத்துக்குப் போனாள். அங்கே ஒரு விசைத்தறி ஷெட்டில் நூல் மாட்டிக்கொண்டிருந்தான் சரவணக்குமார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று வாசலுக்குக் கூட்டிவந்தான். கோபமாக நாலு வார்த்தை சொல்வான், வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். உன் பென்டிரைவில் ஒன்றுமில்லை சாமி, என்னுதில்தான் என்றாள்.

அவன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை உதறினான்.

"உங்கூட்டுல இருந்து வராதுன்னு நீங்க சொன்னீங்கன்னு மேடம் சொன்னாங்க. அப்ப என்னுதுலதான் வந்திருக்கோணும்னு நானே நம்பிட்டனுங்கக்கா. நீ கார்ட்டூன் கேட்டதுனாலதான் அப்பனுக்கு வேல போச்சுன்னு புள்ளைய அடிச்சுப்போட்டனுங்க" என்றான்.