சாம்பல் கண்ணும் வட்டிலப்பமும்

எனக்குக் கலியாணம் பேசியபோது யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளைக்குக் கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம். எனக்கு மூக்கின்மேல் சோடாப் போத்தலின் அடிபோல ஒரு கண்ணாடி. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று உம்மா அதைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் வெட்கப்படும் பெண்ணாகத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அந்தக் கண்ணாடி படக் கூடாது என்பது உம்மாவின் தீர்ப்பு. எனக்கோ ஒரே பயம். பார்வைக் குறையை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அந்த மனிதர் பிறகு நினைத்துவிட்டால், அந்த நினைப்போடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

கட்டாரில் இருந்த ராத்தா, என் மூத்த சகோதரி, அதற்கு வழி கண்டுபிடித்தாள். ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே சாம்பல் நிற லென்ஸ். இதைப் போட்டால் கண்ணாடியே வேண்டாம், கண்ணும் வெள்ளைக்காரியின் கண்போல இருக்கும் என்று போனில் ஒரே பெருமை. பெட்டியில் இருந்த சைபர்களை ஏதோ கம்பனி நம்பர் என்று விட்டுவிட்டோம்.

கலியாணத்தன்று அலங்கரிக்க வந்த பெண் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அதை என் கண்ணில் வைத்தார். உலகமே சாம்பலாகத் தெரியப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் மாறவில்லை. நிறம் சுற்றிவரத்தானாம், நடுவில் நிறமே இல்லையாம், நாம் பார்ப்பது அதன் வழியாகத்தானாம். அழகு, பார்க்கிறவர்களுக்கு; எனக்கு அதே பழைய மூட்டம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர், அந்தச் சைபர்தான் பவர் என்றார். பவரோடு வேண்டுமென்றால் கண் டொக்டரிடம் அளந்துதான் எடுக்க வேண்டுமாம். அதற்குள் மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார்.

நிக்காஹ் முடிந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்து என் கையில் தந்து மாப்பிள்ளைக்கு ஊட்டச் சொன்னார். குறி பார்த்து நீட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த பிறகுதான் வாய் அங்கே இல்லை என்று தெரிந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"கண்ணாடி எங்க?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று திக்கித் திணறிக் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே மூக்குல ரெண்டு பக்கமும் தழும்பு கண்டன். எடுத்து மாட்டுங்க."

உம்மா போய் அலுமாரியைத் திறந்தார். சாம்பல் கண்ணுக்கு மேலே சோடாப் போத்தல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கணவரின் முகத்தை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். தாடி முழுக்க வட்டிலப்பம். நான் பார்க்கும்வரை அதைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.