கொழுந்தில் ஏறிய வாசம்

எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகிப் பாலாக மாறியதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு மருந்துப் போத்தலுக்குள். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சயன்ஸ் எடுத்த மாஸ்டர், அந்தப் போத்தலில் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கினார். குலுக்கும்வரை கலந்திருந்தவை மேசையில் வைத்ததும் மேலும் கீழுமாகப் பிரிந்து படுத்துக்கொண்டன. பிறகு சவர்க்காரத்தில் ஒரு துண்டைச் சீவிப் போட்டு மறுபடி குலுக்கினார். இம்முறை பிரியவேயில்லை. சன்னலுக்கு வெளியே மலையை மூடிக்கொண்டிருந்த மூட்டத்தில் ஒரு கையளவைப் பிடித்து அடைத்தது மாதிரி போத்தல் முழுக்க வெள்ளை. மற்றப் பிள்ளைகள் கொப்பியில் படம் வரைந்தார்கள். நான் அம்மாவின் கைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்துப் பனியில் அம்மாவின் விரல்கள் வெடித்துவிடும். வெடிப்புகளில் தேயிலைச் சாறு ஏறிக் கறுத்த கோடுகளாக நிற்கும். காலையில் எனக்குத் தலை பின்னும்போது என் முடி அந்தக் கோடுகளில் சிக்கிக்கொள்ளும். "ஸ்" என்பாள். வலித்தது எனக்குத்தான் என்று நினைத்து நானும் "ஸ்" என்பேன். அந்த வருடம் வெடிப்பு அதிகமாகி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்தாள். துணி சுற்றிய விரலுக்கு இளங்கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியாது. "இப்படியே பறிச்சேன்னா ஒன்னயப் புல்லு வெட்டத்தான் அனுப்பணும்" என்று கங்காணி சொல்லிவிட்டார். புல்வெட்டு என்றால் சுரண்டியும் கல்லும் ஈர மண்ணும். இருக்கிற கையும் போய்விடும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடத் தெரியாத வயது. பாடம் முடிந்து மணி அடிப்பதற்குள், அந்த வெள்ளைப் பாலைச் செய்து அம்மாவின் கையில் பூசிவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன்.

முதல் தடவை மாஸ்டர் செய்தபடியே சவர்க்காரத்தைப் போட்டேன். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் இருந்தது துணி துவைக்கிற சவர்க்காரம். அம்மா ஒரு விரலில் பூசிப் பார்த்து, கையை உதறிக்கொண்டு வாசலுக்கே ஓடினாள்.

"அடியே, இதுக்கு அந்தப் பனியே தேவலாம்டி!"

மாஸ்டரிடம் போய் நின்றேன். தேன்மெழுகும் துளி வெங்காரமும் சேர்த்தால் எரியாது என்றார். சவுக்கு மரத்திலிருந்த கூட்டைக் கலைத்த அப்பா, தேனை எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டு வெறும் அடையை எனக்குத் தந்தார். வெங்காரத்துக்கு டவுனில் மருந்துச் சரக்கும் அத்தரும் விற்கிற முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன்.

"தொட்டில் புள்ளைக்கு வாய்ப்புண்ணா?" என்றார் நானா.

"இல்ல, அம்மா கைக்கு."

"கைக்கா? இது புதுசா இருக்கே புள்ள" என்று ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.

மெழுகை எண்ணெயில் உருக்கி, வெங்காரம் கரைத்த தண்ணீரை ஊற்றினேன். பால் திரிந்தது மாதிரி கட்டி கட்டியாக நின்றது. இன்னொரு தடவை செய்தேன், அப்போதும் கட்டிதான். மூன்றாம் தடவை ஒரு இரவு முழுக்கப் பாலாக இருந்து நம்பிக்கை கொடுத்துவிட்டு, விடிந்ததும் அடியில் தண்ணீர் விட்டிருந்தது. குற்றவாளி எங்கள் மலைக்குளிர்தான் என்று பிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. சூடான மெழுகில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மெழுகு பயந்து சுருண்டுவிடுகிறது. இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஆகவே எண்ணெய்த் தகரம், தண்ணீர்த் தகரம் இரண்டையும் ஒரே கொதிநீர்ச் சட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்றாகவே சூடாக்கி, ஒன்றாகவே இறக்கி, மெல்லிய நூலாகத் தண்ணீரை ஊற்றி, தகரத்தைச் சாக்கால் சுற்றிக்கொண்டு, ஆறும்வரை ஈர்க்குக் குச்சிகளால் கிண்டிக்கொண்டேயிருந்தேன்.

ஒரு சனிக்கிழமைப் பகல் அது. எல்லாரும் மலையில் இருந்தார்கள். லயத்தில் சத்தமே இல்லை. திறந்த கதவு வழியாக மூட்டம் உள்ளே வந்து என் காலைச் சுற்றி நின்றது. தகரத்துக்குள்ளும் வெள்ளை, வெளியிலும் வெள்ளை. கை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எது நான் செய்தது, எது தானாக வந்தது என்று தெரியாத ஒரு மயக்கத்தில் எவ்வளவு நேரம் கிண்டினேனோ! குச்சி கனத்தபோது கீழே பார்த்தேன். தகரம் நிறைய, வழுவழுவென்று, எருமைத் தயிரின் ஏடு மாதிரி ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தினமும் எழுந்தவுடன் தகரத்தைச் சரித்துப் பார்ப்பேன். ஒரு வாரமாகியும் ஒரு சொட்டுப் பிரியவில்லை. அந்த வாரக் கடைசியில் அம்மா எனக்குத் தலை பின்னி முடித்தாள்; இரண்டு பேருமே "ஸ்" சொல்லவில்லை.

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துக் காம்பரா அத்தை தேங்காய்ச் சிரட்டையோடு முதலில் வந்தாள்.

"டாக்டரம்மா, எனக்குக் கொஞ்சம் வை. ஆனா இந்த மெழுகுதிரி வாடைய என்னமாச்சும் செய்யி. ராத்திரி மாதா கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குன்றாரு ஒங்க மாமா."

மற்றப் பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதை ரசாயனக் குறையாக எடுத்துக்கொண்டேன். மறுநாளே நானா கடையில் கேட்டு, ஒரு சின்னக் குப்பியின் அடியில் மிச்சமிருந்த மல்லிகை அத்தரை வாங்கி வந்தேன். "ஒரு சொட்டுத்தான், கேட்டியா? கூடிப்போச்சுன்னா தலைய சுத்தும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் குப்பியைக் கவிழ்த்துத் தட்டியே ஊற்றிவிட்டேன்.

அடுத்த நாள் விடியலில் ஒன்பது பெண்கள் கைநிறையப் பூசிக்கொண்டு மலை ஏறினார்கள். பனி பூத்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே மல்லிகை நடந்து போனது.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது மணத்தாலும் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். தோட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் களிம்பு வேறு, கொழுந்து வேறு என்று என் மூளை தனித்தனியாக வைத்திருந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். அன்று சாயங்காலம் வந்து, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாடி முழுக்க நம்ம வூட்டு வாசம்" என்றார். "டீமேக்கரய்யா ஒரு தட்டு விடாம மோந்து பாக்குறாரு. நான் வாயத் தொறக்கல."

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கூட்டம் அசையாமல் நின்றது. ஸ்டோருக்குப் பொறுப்பான, காக்கிக் காற்சட்டை போட்ட டீமேக்கர் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்து மூக்கருகே தூக்கி முகர்ந்துகொண்டு வந்தார். கொழுந்தை முகர்ந்தே எந்த மலையில் பறித்தது என்று சொல்கிற மூக்கு அது. ஒன்பது பேரையும் தனியாக நிறுத்தினார்.

"நேத்துக் கொழுந்தெல்லாம் குப்பைக்குப் போகுது. என்ன இது கையில?"

"சாமி கும்புட்டோம்ங்கய்யா" என்றாள் அத்தை.

"ஒம்பது பேருமா?"

"ஒரே சாமிதானுங்களே."

கூட்டம் சிரித்தது. டீமேக்கர் சிரிக்கவில்லை. "யாரு செஞ்சு குடுத்தது?" என்றார். நான் தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்திவிட்டேன். ஒருத்தியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்புச் சாம்பலும் எலுமிச்சையும் வந்தன. அங்கேயே, எல்லார் முன்னாலும், தேய்த்துக் கழுவ வைத்தார்கள். அதன்பிறகு மூன்று நாள் புல்வெட்டு. இப்போதுதான் மூடியிருந்த அம்மாவின் தோலில் எலுமிச்சைச் சாறு இறங்கியதை நான் பார்த்தேன். எந்த வேலைக்கு அம்மாவை அனுப்பக்கூடாதென்று இவ்வளவும் செய்தேனோ, அதற்கே நான் அனுப்பிவிட்டிருந்தேன்.

அன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம், பெண்கள் குளிக்கக் கூடுகிற பீலிக்கரைக்கு, அடி வாங்கத் தயாராகத்தான் போனேன். அங்கே அத்தை சேலையைக் காற்சட்டை மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருத்தியின் கையைப் பிடித்து முகர்ந்து காட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு மூக்கே பட்டுச்சுடி!" என்று இன்னொருத்தி கத்த, எல்லாரும் தண்ணீரில் விழாத குறையாகச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்த மூன்று நாளும் மெழுகைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தேன், துணியில் வடித்தேன், மறுபடி கொதிக்கவைத்தேன். கடைசியில் எந்த வாடையுமே இல்லாத ஒரு களிம்பு வந்தது. அப்பா அதைக் கையில் பூசிக்கொண்டு ஒருநாள் முழுக்க மாடியில் வேலை செய்தார். டீமேக்கர் பக்கத்தில் வந்து நின்று பேசிவிட்டுப் போனாராம், மூக்கு அசையவில்லையாம். அம்மா மறுபடி கொழுந்து மலைக்குப் போனாள். வெடிப்பும் மெல்ல மூடியது. கங்காணி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது. ஆனால் பொம்பளைகள் சிரட்டையை முகர்ந்து பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். வாங்கிக்கொண்டார்கள், பழைய துள்ளல் இல்லை. ஏழு நாளாகியும் பிரியாத ஒன்றை, கொழுந்தைக் கெடுக்காத ஒன்றை, கையில் வைத்துக்கொண்டு முகம் சுருங்குகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை அந்தியில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கொழுந்துக்கு இது போதும்டி. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும், அந்தப் பழைய மாதிரி ஒண்ணு தனியாச் செய்வியா? மூஞ்சிக்கும் பூசுற மாதிரி?"

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து கிடையாது. பனியில் நிற்க வேண்டியதில்லை. கை சும்மா இருக்கிற நாளில் களிம்பு எதற்கு என்று கேட்டேன். அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பெரியவர்களுக்குச் சிக்கனமே தெரியாது என்று முடிவு செய்துகொண்டு கொப்பியைத் திறந்தேன். அத்தர் தீர்ந்துவிட்டது. துரை பங்களா வேலிக்கு வெளியே ரோஜா இதழ்கள் உதிர்ந்து கிடக்கும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஒருநாள் உலர்த்தி, மூன்று நாள் ஊறவைத்து, வடித்து, பிறகு மெழுகு. விடிந்ததும் முதல் வேலை இதழ் பொறுக்குவது.