ஓர் எழுத்து மாறிய ரிப்போர்ட்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னது நான்தான். நான் பள்ளியில் உயிரியல் டீச்சர். என்னை நம்பிப் பேரையூரிலிருந்து பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில், ஒரு மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

"இந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம்தான் டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்யும். அது கெட்டால் புற்றுநோய் வரலாம். ஆனால் இந்த மாற்றம் புரதத்தைக் கெடுக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள். "அம்புட்டு நாள் காக்க வச்சாகளே, என் மகளுக்கு வருமா வராதான்னு சொல்ல முடியாதா? நீயாச்சும் சொல்லு. இதத்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற?"

மரபணு மாறினால் புரதம் கெடும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே பழகியவள் நான். எனக்கே எரிச்சலாக இருந்தது.

"தெரியலக்கா."

"அப்ப எதுக்கு என்னைய வரச் சொன்ன?"

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ரிப்போர்ட்டை என் கையில் திணித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். மறுவருடம் நான் போய்க் கேட்டபோதும் டாக்டர் அதே பதிலைத்தான் சொன்னார். அக்காவுக்கு வந்திருப்பதால், அவள் மகளை வருடந்தோறும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இப்போதெல்லாம் உடம்பைப் பற்றி அக்கா என்னிடம் எதுவும் கேட்பதில்லை.