பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கடைசிச் சோதனை லைனில் எனக்கு வேலை. பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று மோதிரம், வளையல் எல்லாம் கழற்றிவைத்துவிட்டு, கையுறையோடு கதவு இடுக்குகளைத் தடவிப் பார்ப்பேன். எங்கள் சொந்தக் காரை எடுக்கப் போன அன்று ஷோரூமையே ஒரு வழி பண்ணிவிட்டேன். ஒரு குறையும் சிக்கவில்லை. கொஞ்சம் சேர்த்துக் கட்டி வாரண்டியை நீட்டிக்கச் சொன்னார்கள். வண்டிமேல் அவர்களுக்கே நம்பிக்கை இருந்தால் இதை ஏன் விற்கிறார்கள்? சந்தேகப்பட்டு வேண்டாம் என்றேன்.

வண்டியோடு வந்த மூன்று வருஷ வாரண்டி முடியப்போகிற நேரத்தில், சேரப்பணஞ்சேரி வேகத்தடையில் முன்பக்கம் ‘டொக்’ என்றது.

“இன்னாடி, எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்றார் கணவர். அவருக்கு வேலை தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில். அந்தக் காதுக்கு வேறென்ன கேட்கும்?

சர்வீஸில் விட்டேன். சாயங்காலம், “சரி பண்ணியாச்சு மேடம்” என்று சாவியைக் கொடுத்தார் அட்வைசர். சிங்கப்பெருமாள் கோவில் வரை நிம்மதியாக ஓட்டினேன். பிறகுதான் உறைத்தது, ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. நான் ரேடியோவே போடுகிற ஆளில்லை. நிறுத்தினேன். டொக்.

மறுநாளே போய் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். “பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்” என்றேன்.

டொக்.

“ரோட்ல கல்லு மேடம்.”

டொக்.

“உங்க டிஃபன் பாக்ஸா இருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிஃபன் பாக்ஸை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். அப்புறமும் டொக். “சத்தமே இல்ல மேடம்” என்றார். பேப்பரிலும் அதையே எழுதிக் கொடுத்தார்.

எங்கள் லைனும் யோக்கியமில்லைதான். வெளியே போகிற நாளில் நன்றாயிருந்தால் எங்களுக்கு அது நல்ல வண்டி. மூன்றாம் வருஷத்துக்கென்று யாரும் கையுறை போட்டு நிற்பதில்லை.

வாரண்டி முடிந்தது. அடுத்த வாரம் ஆயில் மாற்றப் போனேன். வெறுப்பில் நானே கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்திருந்தேன். வாசல் மேட்டில் ஏறி இறங்கியதும் அதே அட்வைசர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

“மேடம், ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு, மாத்தியே ஆவணும். சத்தம் ரோடு வரைக்கும் கேக்குதே, உங்களுக்குக் கேக்கலியா?”